நிறத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்: தெரியாத மைக்கை ரேடியோவில் இணைக்கும் முறை

கேள்வி இதுதான்: பிளக் வெட்டப்பட்ட பழைய கை மைக் ஒன்று கையில் இருக்கிறது. சுருள் ஒயருக்குள் ஐந்து கம்பிகள். எந்தக் கம்பெனி என்று தெரியாது, வரைபடமும் இல்லை. 8 பின் வட்ட சாக்கெட் உள்ள கென்வுட் ஹெச்எஃப் (குறுஅலை) ரேடியோ செட்டில் இதை மாட்ட முடியுமா? எந்த ஒயரை எந்தப் பின்னில் சால்டர் செய்வது?

முடியும். ஆனால் "சிவப்பு எங்கே, வெள்ளை எங்கே" என்று யாரிடமும் கேட்டுப் பயனில்லை. மைக் ஒயர்களின் நிறத்துக்குப் பொது விதி எதுவும் கிடையாது. ஒரே கம்பெனி இரண்டு மாடல்களில் இரண்டு விதமாகப் போட்டிருக்கும். நடுவில் யாராவது ஒயரை மாற்றியிருந்தால் அதுவும் போயிற்று. சாக்கெட் ஒரே மாதிரி இருப்பதை வைத்தும் முடிவுக்கு வரக்கூடாது. கென்வுட்டின் 8 பின் சாக்கெட்டில் வழக்கமான அமைப்பு இப்படி: 1 மைக், 2 பிடிடி (அழுத்திப் பேசும் பொத்தான்), 3 டவுன், 4 அப் (அலைவரிசையை இறக்க, ஏற்ற), 5 மின்சப்ளை (பெரும்பாலும் 8 வோல்ட்), 6 பல மாடல்களில் காலி, 7 மைக் கிரவுண்டு, 8 கிரவுண்டு. அதே வட்ட சாக்கெட் உள்ள பல ஐகாம் செட்களில் 1 மைக், 2 எட்டு வோல்ட், 3 அப்/டவுன், 5 பிடிடி, 6 பிடிடி கிரவுண்டு, 7 மைக் கிரவுண்டு, 8 ஒலி வெளிவரும் பின். கென்வுட் மைக்கை அப்படியே ஐகாமில் செருகி பொத்தானை அழுத்தினால் 2-ம் பின்னும் 8-ம் பின்னும் சேரும். அதாவது 8 வோல்ட் நேராக ஒலி வெளியீட்டுக்குள் போய் இறங்கும். செருகிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்ற யோசனை இதனால்தான் ஆகாது.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். மைக்கைத் தனியே அளக்க வேண்டும், செட்டைத் தனியே அளக்க வேண்டும். இரண்டு தாளிலும் பதில் எழுதி முடித்த பிறகுதான் சால்டரிங் அயர்ன் சூடாக வேண்டும்.

தேவையான பொருட்கள்: கன்டினியூட்டி பீப் உள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர், 1.5 வோல்ட் செல் இரண்டு, கால் வாட் ரெசிஸ்டர்கள் (100 ஓம், 1 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம், 10 கிலோ ஓம்), 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, முதலை கிளிப் போட்ட ஒயர்கள் நாலைந்து, 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் சுமை), பேசுவதைக் கேட்க இன்னொரு ரிசீவர். டம்மி லோடு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பிடிடி பின்னைத் தேடும்போது செட் தானாக டிரான்ஸ்மிட் ஆகத்தான் செய்யும். ஆன்டெனா மாட்டியிருந்தால் அது காற்றில் போகும். படகில் உள்ள மரைன் விஹெச்எஃப் செட்டில் இதே வேலையைச் செய்பவர்கள், சேனல் 16-ஐ விட்டு வேறு சேனலுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். அது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கான சேனல்.

மைக் பக்கம்

பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறங்கள். எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று படம் போட்டுக்கொள்ளுங்கள், செல்போனில் ஒரு போட்டோவும் எடுங்கள். ஐந்தில் ஒன்று பின்னல் ஷீல்டு. அதன் நடுவே ஓடும் ஒற்றை ஒயர்தான் பெரும்பாலும் மைக் சிக்னல். மற்றவை பொத்தானுக்குப் போகும். உள்ளே 9 வோல்ட் பேட்டரி கிளிப்போ, டிரான்சிஸ்டர் போட்ட சின்ன போர்டோ இருந்தால் அது ஆம்ப்ளிஃபையர் உள்ள பவர் மைக். அதில் ஓம் அளவுகள் மைக்கைக் காட்டாது, போர்டைத்தான் காட்டும். அப்போது காப்ஸ்யூலின் (ஒலியை வாங்கும் மைக் உறுப்பின்) ஒரு காலையாவது போர்டிலிருந்து கழற்றிவிட்டு அளக்க வேண்டும்.

ஒயர் முனைகளை அரை சென்டிமீட்டர் சீவி, ஒன்றோடொன்று தொடாமல் விரித்து, ஒரு அட்டையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஐந்து ஒயருக்குப் பத்து ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியையும் பொத்தானை விட்ட நிலையில் ஒரு முறையும் அழுத்திய நிலையில் ஒரு முறையும் அளக்க வேண்டும். மொத்தம் இருபது அளவு. சலிப்பான வேலைதான், பத்து நிமிடம் ஆகும். இதில் இரண்டைத் தவிர்த்தவர்கள்தான் பிறகு அரை நாள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் மைக்கில் இப்படி வரலாம்:

ஷீல்டு – வெள்ளை: விட்டால் ஓபன், அழுத்தினால் 500 ஓம் அளவில்.
சிவப்பு – கறுப்பு: விட்டால் ஓபன், அழுத்தினால் 0.
நீலம் – கறுப்பு: விட்டால் 0, அழுத்தினால் ஓபன்.
மற்ற ஜோடிகள்: எப்போதும் ஓபன்.

இந்த நாலு வரியிலேயே முழு மைக்கும் தெரிந்துவிடுகிறது. சிவப்பும் கறுப்பும் பிடிடி. நீலம், அழுத்தாதபோது மட்டும் கறுப்போடு சேரும் ஒயர். அது ரிசீவ் லைன், 27 மெகாஹெர்ட்ஸ் சிபி (பொதுமக்கள் பேசும் குறுந்தூர ரேடியோ) செட்டுக்குச் செய்த மைக் என்பதற்கு அடையாளம். கோப்ரா வகை 4 பின் சிபி செட்களில் 1 ஷீல்டு, 2 மைக், 3 டிரான்ஸ்மிட், 4 ரிசீவ். ரிசீவ் லைன் மைக் வழியாகத்தான் கிரவுண்டுக்குப் போகும் என்பதால், அந்த வகையில் பலவற்றில் மைக்கைக் கழற்றினால் ஸ்பீக்கரே ஊமையாகிவிடும். கென்வுட்டுக்கு இந்த ஒயர் வேண்டாம். வெட்டி எறியாமல் முனையில் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு மடித்து வையுங்கள்.

வெள்ளை ஒயரைக் கவனியுங்கள். பொத்தானை விட்டிருக்கும்போது மைக் ஓபன் காட்டுகிறது. காப்ஸ்யூல் போய்விட்டது என்று இங்கேதான் பலர் முடிவுகட்டி மைக்கையே தூக்கிப் போடுகிறார்கள். அந்த மாடலில் பொத்தானுக்குள் மூன்றாவது கான்டாக்ட் ஒன்று இருக்கிறது, அழுத்தினால்தான் மைக் சேரும். அழுத்தியும் ஓபன் என்றால் மூடிக்குள் போய் காப்ஸ்யூலின் காலிலேயே நேராக அளந்து பாருங்கள். அங்கே 500 ஓம் வந்தால் குறை கான்டாக்டில். கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது தடவை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

என்ன வகை மைக்?

200 முதல் 600 ஓம் வரை நிலையாகக் காட்டி, மீட்டர் முனையை மாற்றி வைத்தாலும் அதே அளவு வந்தால் அது டைனமிக். முள் மீட்டர் இருந்தால் ஓம் ×1 ரேஞ்சில் தொட்டுப் பாருங்கள், மைக்குக்குள் 'டிக்' என்று கேட்கும். டிஜிட்டல் மீட்டர் தரும் கரண்ட் மிகக் குறைவு, அதில் கேட்காமலும் போகலாம்.

ஒரு பக்கம் ஒன்றிரண்டு கிலோ ஓம், முனையை மாற்றினால் வேறு அளவு, காப்ஸ்யூல் மீது ஊதினால் எண் ஆடுகிறது என்றால் எலக்ட்ரெட். கடையில் 'கண்டென்சர் மைக்' என்று கேட்டால் கொடுப்பது இதைத்தான். அதன் இரண்டு கால்களில் உலோகக் கூட்டோடு இணைந்திருப்பது நெகட்டிவ். கண்ணுக்கே தெரியும், சந்தேகமாக இருந்தால் பீப் வைத்துப் பாருங்கள். இதற்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க 3 வோல்ட் (இரண்டு செல் தொடராக) பாசிட்டிவிலிருந்து 2.2 கிலோ ஓம் வழியாக அதன் பாசிட்டிவ் காலுக்கும், செல்லின் நெகட்டிவை அதன் கூட்டுக்கும் கொடுங்கள். ரெசிஸ்டரின் இரு முனைக்கு இடையே 0.4 முதல் 1.1 வோல்ட் வரை இருக்க வேண்டும். அப்படியென்றால் 0.2 முதல் 0.5 மில்லி ஆம்பியர் ஓடுகிறது, காப்ஸ்யூல் நன்றாக இருக்கிறது. 0 வந்தால் உள்ளே திறந்துவிட்டது. முழு 3 வோல்ட்டும் ரெசிஸ்டரிலேயே விழுந்தால் ஷார்ட்.

எந்தப் பக்கம் அளந்தாலும் ஓபன், ஆனால் கெப்பாசிட்டன்ஸ் ரேஞ்சில் 1 அல்லது 2 நானோஃபாரட் காட்டினால் கிரிஸ்டல் அல்லது செராமிக். இதை நேராக 600 ஓம் இன்புட்டில் கொடுத்துப் பயனில்லை. 1.5 நானோஃபாரட் மூலமும் 600 ஓம் சுமையும் சேர்ந்தால் கட்-ஆஃப் 177 கிலோஹெர்ட்ஸ் அருகே போகும். பேச்சு இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. நடுவில் ஒரு எஃப்இடி (ஒரு வகை டிரான்சிஸ்டர்) பஃபர் போட வேண்டும், அல்லது அந்தக் கூட்டுக்குள்ளேயே ஒரு எலக்ட்ரெட்டை வைத்துவிடலாம். இரண்டாவதுதான் மலிவு, ஒலியும் மேல்.

சில பத்து ஓம் முதல் சில நூறு ஓம் வரை காட்டி, மைக்கைத் தட்டினால் அளவு தாறுமாறாக மாறினால் கார்பன். பழைய ராணுவ செட், பழைய டெலிபோன் வகை. டிசி கரண்ட் இல்லாமல் அது பேசாது.

ஒரு எச்சரிக்கை. பேசிக்கொண்டே ஏசி வோல்ட்டில் மைக் சிக்னலை அளக்கச் சொல்லிப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். மலிவான மஞ்சள் மீட்டர்களில் ஏசியின் மிகக் குறைந்த ரேஞ்சே 200 வோல்ட். சில மில்லிவோல்ட்டை அது 0 என்றுதான் காட்டும், நல்ல மைக்கும் செத்ததாகத் தெரியும். அதற்குப் பதில் மைக்கை 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக ஏதாவது ஆம்ப்ளிஃபையரின் மைக் இன்புட்டில் கொடுத்து காதால் கேட்பதே நம்பகமான சோதனை.

செட் பக்கம்

முதலில் பின் எண்ணைப் பாருங்கள். வரைபடங்களில் சிலது செட்டின் முன்பக்கமிருந்து பார்க்கும் சாக்கெட்டைக் காட்டும், சிலது பிளக்கின் சால்டர் பக்கத்தைக் காட்டும். இரண்டும் கண்ணாடிப் பிம்பம்போல இடம் மாறியிருக்கும். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பங்கு இதுதான். பிளக்கின் பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு பின்னுக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் எண் பதித்திருக்கும். லென்ஸ் வைத்தாவது அதைப் படியுங்கள், படத்தை விட அது மேல்.

செட்டை ஆஃப் செய்து, பவர் ஒயரையும் கழற்றிவிட்டு, ஆன்டெனா சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் ஒவ்வொரு பின்னுக்கும் ஓம் பாருங்கள். 0 காட்டும் பின்கள் கிரவுண்டு. கென்வுட்டில் 7, 8 இரண்டும் அப்படி வரும்.

இனி டம்மி லோடை மாட்டி, பவரை மிகக் குறைவில் வைத்து, செட்டை ஆன் செய்யுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசி ரேஞ்சில் வைத்து ஒவ்வொரு பின்னையும் கிரவுண்டுக்கு எதிராக அளந்து எழுதுங்கள். சப்ளை பின்னிலும் வோல்ட் இருக்கும், பிடிடி பின்னிலும் இருக்கும், அப், டவுன் பின்களிலும் இருக்கும். வோல்ட்டை மட்டும் பார்த்தால் இவற்றைப் பிரிக்க முடியாது. பிரிப்பதற்குத்தான் 10 கிலோ ஓம். பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அதை வைத்து மறுபடி அளங்கள். 8 வோல்ட் என்பது 7.9-லேயே நின்றால் அது சப்ளை. பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கினால் உள்ளே ஒரு புல்-அப் ரெசிஸ்டர் (பின்னைச் சப்ளையோடு இணைக்கும் ரெசிஸ்டர்) இருக்கிறது, அது கட்டுப்பாட்டு லைன்.

புல்-அப் உள்ள பின்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றாக 1 கிலோ ஓம் வழியாக கிரவுண்டில் தொடுங்கள். டிரான்ஸ்மிட் விளக்கு எரிந்தால் அது பிடிடி. அலைவரிசை எண் ஏறினால் அப், இறங்கினால் டவுன். ஏன் வெறும் ஒயரால் தொடக்கூடாது என்றால், நம் கணிப்பு தவறி அது சப்ளை பின்னாக இருந்தால் 1 கிலோ ஓம் வழியாக 8 மில்லி ஆம்பியர்தான் போகும், எதுவும் ஆகாது. வெறும் ஒயர் என்றால் உள்ளே இருக்கும் கடுகளவு ரெசிஸ்டரோ ரெகுலேட்டரோ கருகும். அதை மாற்ற முன்பலகை முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கும். ரிலே போட்ட மிகப் பழைய செட்களில் 1 கிலோ ஓம் ரிலேயை இழுக்காது. அங்கே மட்டும் 100 ஓம் வைத்து ஒரு கணம் தொட்டு எடுங்கள்.

மிச்சம் மைக் இன்புட். அதில் டிசி வோல்ட் 0 வந்தால் டைனமிக் மைக்கை நேராகக் கொடுக்கலாம். சில வோல்ட் இருந்தால் அந்த செட் எலக்ட்ரெட்டுக்கு மின்சாரம் அனுப்புகிறது. ஐகாம் செட்களின் 1-ம் பின்னில் இப்படித்தான். இது மைக் இன்புட்தான் என்று உறுதி செய்ய செல்போனில் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஓடவிடுங்கள். ஹெட்ஃபோன் வெளியீட்டில் 10 கிலோ ஓமைத் தொடராகவும் அதன் பின் 100 ஓமை கிரவுண்டுக்கும் போட்டால் சிக்னல் நூற்றில் ஒன்றாகும், அதாவது 3 முதல் 5 மில்லிவோல்ட். டைனமிக் மைக் தருவதும் ஏறக்குறைய அதுவே. 1 மைக்ரோஃபாரட் வழியாக அதைப் பின்னில் கொடுத்து பிடிடியை கிரவுண்டில் வைத்தால் இன்னொரு ரிசீவரில் டோன் கேட்க வேண்டும். செட் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப் பட்டை) முறையில் இருந்தால் சில நொடிகளில் விட்டுவிடுங்கள், இடைவிடாத டோன் செட்டை முழு நேரமும் உழைக்க வைக்கும்.

சேர்ப்பது

உங்கள் எடுத்துக்காட்டு மைக் டைனமிக், கென்வுட்டின் 1-ம் பின்னில் டிசி இல்லை என்று வைத்துக்கொண்டால்: வெள்ளை 1-க்கு, ஷீல்டு 7-க்கு, சிவப்பு 2-க்கு, கறுப்பு 8-க்கு. நீலம் எங்கும் இல்லை. 7-ம் 8-ம் இரண்டுமே கிரவுண்டுதானே, ஷீல்டிலேயே பிடிடியையும் திருப்பிவிட்டால் ஒரு ஒயர் மிச்சம் என்று தோன்றும். வேண்டாம். பிடிடியின் கரண்ட் ஷீல்டு வழியாகத் திரும்பினால் அது மைக் சிக்னலோடு கலந்து 'ம்ம்' என்ற இரைச்சலாக வெளியே வரும். இரண்டும் செட்டுக்குள் போய்ச் சேரட்டும்.

டிசி உள்ள இன்புட்டில் டைனமிக் போடுவதானால் நடுவில் 10 மைக்ரோஃபாரட் ஒன்று கட்டாயம், அதன் பாசிட்டிவ் செட் பக்கம். இல்லாவிட்டால் காயில் வழியாக டிசி ஓடி டயாஃபிரத்தை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும், குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மந்தமாகும். எலக்ட்ரெட்டை டிசி இல்லாத கென்வுட்டில் போடுவதானால் 5-ம் பின்னிலிருந்து 8 வோல்ட் எடுத்து, முதலில் 1 கிலோ ஓம், அந்தச் சந்திப்பிலிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோஃபாரட், பிறகு 4.7 கிலோ ஓம், அதன் பின் காப்ஸ்யூல். சிக்னலை காப்ஸ்யூலிலிருந்து 1 மைக்ரோஃபாரட் வழியாக எடுங்கள். எலக்ட்ரெட்டின் சிக்னல் டைனமிக்கை விடப் பலமானது என்பதால் நேராகப் போகாமல் 10 கிலோ ஓம் பிரிசெட் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றைத் தாண்டிப் போகட்டும். அந்த 47 மைக்ரோஃபாரட்டை விட்டுவிட்டால் செட்டின் சப்ளையில் இருக்கும் டிஜிட்டல் சத்தமெல்லாம் உங்கள் குரலோடு சேர்ந்து போகும்.

சால்டர் செய்யும்போது பிளக்கின் மூடியையும் ஷ்ரிங்க் ட்யூபையும் முதலில் ஒயரில் கோத்துவிடுங்கள். ஒரு பழைய சாக்கெட் கிடைத்தால் பிளக்கை அதில் செருகி வைத்துச் சால்டர் செய்யுங்கள், சூட்டில் பின் சாயாது. 25 வாட் அயர்ன் போதும், ஒரு பின்னுக்கு 2 அல்லது 3 நொடி. சுருள் ஒயரில் ஒரு சங்கடம் உண்டு. சிலவற்றில் உள்ளே இருப்பது சாதாரணக் கம்பி கிடையாது, பருத்தி நூலின் மேல் சுற்றிய மெல்லிய செப்புத் தகடு. ஈயம் அதில் பிடிக்காது, நூல் கருகும். அதன் மேல் மெல்லிய செப்புக் கம்பியை ஏழெட்டு சுற்று இறுக்கிச் சுற்றி, அந்தக் கம்பியில் ஈயம் வையுங்கள். முடித்ததும் ஒயர் கிளாம்பை வெளி உறை மீது இறுக்குங்கள், உள் ஒயர்கள் மீது விழக்கூடாது.

செட்டில் செருகுமுன் பிளக்கில் மறுபடி அளங்கள்: 2–8 அழுத்தினால் மட்டும் 0, 1–7 அழுத்தினால் 500 ஓம், 5-ம் பின் எதோடும் சேரக்கூடாது. பிறகு டம்மி லோடு, குறைந்த பவர், மைக் கெயினைப் பாதிக்கும் கீழே வைத்து, வாயிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் பேசி இன்னொரு ரிசீவரில் ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். ஏஎல்சி (டிரான்ஸ்மிட் அளவு மீறாமல் காக்கும் அமைப்பு) மீட்டர் குறித்த எல்லைக்குள் ஆடும் அளவுக்குக் கெயினைக் கூட்டுங்கள்.

செட் டிரான்ஸ்மிட் ஆகிறது, குரல் இல்லை என்றால் வெள்ளை ஒயரின் உறை உருகி ஷீல்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். இது அடிக்கடி நடக்கும், 1–7 நடுவே 0 ஓம் காட்டும். மாட்டியவுடன் தானாக டிரான்ஸ்மிட் ஆனால் ஷீல்டின் ஒரு இழை 2-ம் பின்னைத் தொட்டுக்கொண்டிருக்கும். 4 பின் சிபி செட்டில் இந்த மைக்கை மாட்டினால் மட்டும் நீலத்துக்கு வேலை உண்டு: அது 4-க்கு, சிவப்பு 3-க்கு, கறுப்பு ஷீல்டோடு 1-க்கு. அதே 4 பின் சாக்கெட் உள்ள பழைய கென்வுட் செட்களில் 1 மைக், 2 பிடிடி என்று வேறாக இருக்கும், அதனால் அங்கேயும் அளந்த பிறகுதான் செருக வேண்டும்.

டம்மி லோடில் சுத்தமாக இருந்த குரல் ஆன்டெனாவை மாட்டி பவரைக் கூட்டியதும் கரகரத்து உடைந்தால் ஒயரிங்கில் தவறில்லை. டிரான்ஸ்மிட் ஆகும் ஆர்எஃப் (ரேடியோ அலை) மைக் ஒயரில் ஏறி செட்டுக்குள்ளேயே திரும்பிப் போகிறது. பிளக்குக்குள் 1-க்கும் 7-க்கும் நடுவே 470 பிகோஃபாரட் முதல் 1 நானோஃபாரட் வரையான செராமிக் டிஸ்க் ஒன்றை, கால்களை முடிந்தவரை குட்டையாக வெட்டி வையுங்கள். அதன் பிறகும் மிச்சமிருந்தால் பிளக்கை ஒட்டி ஒயரில் ஃபெரைட் கிளிப் ஒன்றை மாட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கோளாறு மைக்கில் இல்லை, ஆன்டெனாவிலும் எர்த்திலும் தேடுங்கள்.